நடுவில் யாருமில்லை

டெல்ஃபின் ஹெட்போனைக் கழற்றி மேசைமீது வைத்தாள். கூடாரத்துக்குள் பேச்சு நின்றது.

"நீங்க துளை போடப் போற இடத்துல யாரும் இல்ல சார்," என்றாள். "ஆளுங்க மேற்க இருக்காங்க. பம்பு அறைக்குள்ள. இரும்பை வச்சு சுவரைத் தட்டுதாங்க. எனக்குத் தெளிவாக் கேக்கு."

மீட்புப் பணிக்குத் தலைமை தாங்கிய மார்த்தாண்டன் அவளைப் பார்க்கவில்லை. அவர் பார்வை திரையில் இருந்தது. நரிப்பாறை மலை அதில் குறுக்காக வெட்டிக் காட்டப்பட்டிருந்தது. மலையின் அடிவயிற்றில் நீர்ச்சுரங்கம் ஒரு கோடாக ஓடியது. கோட்டின் இடிந்த பகுதிக்கு நட்டநடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அதன் கீழே, 'ஏகம்: உறுதி 96 விழுக்காடு.'

முந்தைய நாள் மதியம் சுரங்கத்தின் கூரை சரிந்து, உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பதினொரு பேர் சிக்கியிருந்தார்கள். வாசல் பக்கமிருந்து இடிபாட்டை அள்ளிக்கொண்டு போனால் வாரக்கணக்கில் ஆகும். மலைமேலிருந்து துளைபோட்டு முதலில் காற்றை அனுப்ப வேண்டும், பிறகு அதே துளையை அகலமாக்கி ஆளைத் தூக்க வேண்டும். வேறு வழியில்லை. மேலே ஏற முடிந்த, துளைபோடும் ரிக் வண்டி ஒன்றே ஒன்று. இன்னொன்று மலைச்சாலையில் மண்சரிவுக்கு அந்தப் பக்கம் நின்றது. மெல்லிய துளை ஒன்று சுரங்கத்தைத் தொடவே கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கும். உள்ளே ஊற்றுத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இடம் தவறினால் திருத்திக்கொள்ள அவகாசம் கிடையாது.

"எனக்கும் அந்தப் புள்ளியில யாரும் இல்லைங்க சார்." மூலையில் உட்கார்ந்திருந்த ஹபீபுல்லா எழுந்தார். மலைமேல் பாறை வெடிப்புகளில் குழாய் செருகி, கசிந்து வரும் காற்றை அளப்பவர். "ஆனா பம்பு அறைன்னும் என்னால சொல்ல முடியாது. மூச்சுக்காத்து கிழக்க இருந்து வருது. சுரங்கம் திரும்புதே, அந்த வளைவுல இருக்காங்க."

"பாத்தீங்களா?" மார்த்தாண்டன் இப்போதுதான் திரும்பினார். "ஒருத்தருக்கு மேற்கு, ஒருத்தருக்குக் கிழக்கு. அதனாலதான் ஏகம் இருக்கு. ரெண்டு பேரும் தரவைக் கொடுத்தாச்சு. அது ரெண்டையும் வாங்கி ஒரு இடம் சொல்லியாச்சு. இனி விவாதம் வேண்டாம். மதி, கையெழுத்துப் போடுங்க."

மதிவதனி ஏகத்தின் இணைப்பு அதிகாரி. எல்லா அறிவியல்களையும் ஒரே அடிப்படைச் சமன்பாடுகளிலிருந்து வருவித்து, எந்தக் கேள்விக்கும் ஒரே விடை தரும் அமைப்பு ஏகம். நிலஅதிர்வியல், நீரியல், வானிலையியல் என்ற துறைகள் இப்போது இல்லை. அவை ஏகத்தின் உள்ளீட்டுப் பிரிவுகள். ஒருமைச் சட்டம் வந்தபிறகு, பேரிடர் நேரத்தில் ஏகத்துக்கு மாறாகத் தனி அறிக்கை கொடுப்பது குற்றம். ஏகம் சொன்னதை இணைப்பு அதிகாரி ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால்தான் வேலை தொடங்கும். பணியில் சேர்ந்த நாளிலிருந்து மதிவதனி கையெழுத்திட மறுத்ததில்லை. மறுக்கக் காரணம் வந்ததும் இல்லை. புயலோ காய்ச்சலோ, ஏகம் சொன்னது பலித்தது. அவள் அதை நம்பினாள்.

"கொஞ்ச நேரம் கொடுங்க சார்," என்றாள்.

"எதுக்கு?"

"ரெண்டு பேரும் வேற வேற சொன்னா பரவால்ல. ஆனா ரெண்டு பேருமே நடுவுல இல்லன்னு சொல்றாங்க. ஒரு தடவை பாத்துடறேன்."

மார்த்தாண்டன் கையை விரித்தார். "டீ குடிக்கிற நேரம். அதுக்கு மேல இல்ல."

அவள் இருவரையும் கூடாரத்தின் பின்பக்கம் அழைத்துப் போனாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கீழே தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் சிக்கியவர்களின் வீட்டார் நின்றார்கள். யாரும் குடை பிடிக்கவில்லை.

"டெல்ஃபின், உங்க கணக்குல மலைன்னா என்ன?"

"என்ன மேடம் கேக்கீங்க? மலைன்னா பாறைதான். ஒரே கெட்டியான கட்டி. தட்டினா அதிரும். அதிர்வு எவ்வளவு நேரத்துல வருதுன்னு வச்சு எங்கேர்ந்து வருதுன்னு சொல்லுவேன்."

"உங்களுக்கு, பாய்?"

ஹபீபுல்லா தயங்கினார். "எனக்கு மலைன்னா சல்லடைம்மா. வெடிப்பும் சந்துமா ஓட்டைதான் கணக்கு. பாறைக்கு என் சமன்பாட்டுல இடமே இல்ல."

"அப்ப ஒருத்தர் சொல்றது தப்பு."

"ரெண்டு பேர் சொல்றதும் தப்புதான்," என்றார் அவர். "மலை முழுக்கக் கட்டியும் இல்ல, முழுக்கச் சல்லடையும் இல்ல. ஆனா சத்தத்துக்கு அது கட்டி மாதிரிதான் நடந்துக்கும். காத்துக்குச் சல்லடை மாதிரிதான் நடந்துக்கும். நாப்பது வருசமா சுரங்கத்துல இதை வச்சுத்தான் ஆள் தேடுறேன். ஏகத்தோட அடிப்படையிலேர்ந்து என் சமன்பாட்டை வருவிக்க முடியலைன்னு அதை ஏத்துக்கவே மாட்டேன்னுட்டாங்க. அளவை மட்டும் வாங்கிக்கிறாங்க."

மதிவதனி மடிக்கணினியைத் திறந்தாள். ஏகத்துக்கு ஒரே மலைதான் இருக்க முடியும். அதனால் அது பாதி கட்டியும் பாதி சல்லடையுமான ஒரு மலையைச் செய்திருந்தது. அந்த மலையில் டெல்ஃபினின் ஒலி கிழக்கே நகர்ந்தது, ஹபீபுல்லாவின் காற்று மேற்கே நகர்ந்தது, இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தன. சந்தித்ததால் உறுதி கூடியது. பொருந்தாத மிச்சத்தையெல்லாம் கருவிப் பிழை என்று தள்ளியிருந்தது. அவள் காற்றளவை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கொடுத்தாள். புள்ளி பம்பு அறைக்குப் போய் உட்கார்ந்தது, ஒரு பிழையும் இல்லாமல். ஒலியை மறைத்துக் காற்றைக் கொடுத்தாள். வளைவு. அதிலும் பிழையில்லை.

அவள் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்தாள்.

"சார், என்னால கையெழுத்துப் போட முடியாது," என்றாள் உள்ளே வந்து. "தனித்தனியா கேட்டா ரெண்டும் சுத்தமா பொருந்துது. சேத்தாத்தான் கெடுது. அந்த நடுப்புள்ளி யாரும் பாத்த இடமில்ல, நாம சமாதானம் பண்ணி வச்ச இடம்."

மார்த்தாண்டன் மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் குரல் உயரவில்லை.

"பழம்பாடி தெரியுமா?"

"படிச்சிருக்கேன் சார்."

"நீ படிச்ச. நான் அங்க இருந்தேன். சப்-கலெக்டர். ஆறு ஏறிக்கிட்டிருக்கு. மழைக்காரங்க ஒரு அறிக்கை, அணைக்காரங்க ஒரு அறிக்கை, மண்ணு பாக்கிறவங்க ஒரு அறிக்கை. ஒவ்வொருத்தரும் கெட்டிக்காரங்க. ஒவ்வொருத்தர் கணக்கும் சரி. ஒருத்தர் ஜனங்களை வடக்க மேட்டுக்கு ஏத்துன்னாங்க, ஒருத்தர் தெக்க ஏத்துன்னாங்க, ஒருத்தர் ஏத்தவே வேண்டாம்னாங்க. நான் மூணையும் கையில வச்சுக்கிட்டு நின்னேன். விடிஞ்சப்போ ஏத்துறதுக்கு ஊரு இல்ல." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பான விடைகூட ஒரு விடை. பாதி ஊராவது பிழைச்சிருக்கும். அதுக்கப்புறம்தான் இந்தச் சட்டம். அது வரணும்னு டெல்லிக்கும் சென்னைக்கும் நடந்தவன் நான். இப்ப நீ வந்து ரெண்டு விடை இருக்குங்கற."

"இருக்கு சார்."

"வண்டி ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு விடையை வச்சு நான் என்ன செய்ய?"

வெளியே டெல்ஃபினும் ஹபீபுல்லாவும் சத்தமாக வாதிட்டுக்கொண்டிருப்பது கேட்டது. கேக்கிற சத்தத்தை விட்டுட்டு சத்தமே வராத ஆளைத் தேடச் சொல்லுதீங்களா என்று அவள். தட்டுறவனுக்குத் தெம்பு இருக்கு, தட்டாதவனுக்குத்தான் அவசரம் என்று அவர். மார்த்தாண்டன் அந்தக் குரல்களைக் கேட்டபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"பம்பு அறை," என்றாள் மதிவதனி.

"ஏன்?"

"தட்டுறாங்கன்னா உயிரோட இருக்காங்க. காத்து, முன்னாடி இருந்தவங்க விட்ட மூச்சாவும் இருக்கலாம். எனக்கு வேற காரணம் தெரியல."

"அது அறிவியல் இல்ல."

"இல்ல சார்."

மார்த்தாண்டன் திரையை ஒரு முறை பார்த்தார். பிறகு எழுந்துபோய், மேலே ரிக் வண்டியில் இருந்தவர்களிடம் வயர்லெஸ்ஸில் தாமே பேசி, பம்பு அறைக்கு மேலே துளைபோடச் சொன்னார். ஆணை தம்முடையது என்றும், இணைப்பு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் கொடுப்பது என்றும் பதிவில் வரும்படி சொன்னார்.

மறுநாள் காலை துளைக்கோல் வெற்றிடத்தில் விழுந்தது. குழாய் வழியே மைக்கை இறக்கியதும் ஒலிபெருக்கியில் முதலில் இருமல் கேட்டது. பிறகு ஒரு குரல்.

"யாருங்க மேல? நான் சின்னமாயன், மேஸ்திரி. ஆறு பேர் இருக்கோம்."

கூடாரம் ஆரவாரித்தது. டெல்ஃபின் உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஒரு பெண் ஓடி வந்தாள். சின்னமாயனின் மனைவி முத்துப்பேச்சி. போலீஸ்காரர் தடுத்தார். மார்த்தாண்டன் விடச் சொன்னார். அவள் மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, அடி கிடி பட்டிருக்கா?"

"ஏ பேச்சி. ஒண்ணுமில்ல புள்ள. தண்ணி முட்டி வரைக்கும் இருக்கு. காத்து வருது. நீ சாப்பிட்டியா?"

மதிவதனி மைக்கை மெதுவாக வாங்கி மற்ற ஐந்து பேரைப் பற்றிக் கேட்டாள். கூரை விழுந்தபோது அவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள் என்றார் சின்னமாயன். அதற்கப்புறம் கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை.

இந்த விவரம் போனதும் திரையில் ஏகம் தன்னைத் திருத்திக்கொண்டது. சிவப்புப் புள்ளி பம்பு அறைக்கு நகர்ந்தது. உறுதி தொண்ணூற்றொன்பது. கிழக்கே உணரப்பட்ட மூச்சுக்காற்று பம்பு அறையிலிருந்து கசிந்துபோனது என்றது. வளைவுப் பகுதியில் உயிர் இல்லை என்றது. எல்லாத் தரவுகளும் இப்போது ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. எதையும் கருவிப் பிழை என்று தள்ள வேண்டியிருக்கவில்லை.

"அஞ்சு பேர் போயிட்டாங்க," என்றார் மார்த்தாண்டன் தாழ்ந்த குரலில். "இருக்கிற ஆறு பேரைத் தூக்குவோம். இந்தத் துளையை அகலமாக்கச் சொல்லுங்க."

ஹபீபுல்லா வாசலில் நின்றார். "சார், காத்து பம்பு அறையிலேர்ந்து கிழக்க போக முடியாது. நடுவுல சந்தெல்லாம் தண்ணி நிக்குது. வளைவுல யாரோ மூச்சு விடறாங்க. நேத்தைவிட இன்னைக்குக் கொறைஞ்சிருக்கு. நிக்கல."

"டெல்ஃபின்?"

டெல்ஃபின் ஹபீபுல்லாவைப் பார்க்காமல் சொன்னாள். "கிழக்க ஒரு சத்தமும் இல்ல சார். ராத்திரி பூரா கேட்டேன். ஊசி விழுந்த சத்தம்கூட இல்ல."

எல்லோரும் மதிவதனியைப் பார்த்தார்கள். நேற்று எளிதாக இருந்தது என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நேற்று ஏகம் வெளிப்படையாகக் கோணலாக இருந்தது. இன்று அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒலியும் ஏகமும் ஒரு பக்கம். அந்தப் பக்கம் வெற்றி பெற்றும் காட்டியிருந்தது. மறுபக்கம் ஒரு வயதானவரின் சல்லடை மட்டும். ரிக் வண்டி கிழக்கே போய்த் துளை போட்டுத் திரும்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதுவரை பம்பு அறையில் தண்ணீர் ஏறும்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் மார்த்தாண்டன்.

"தெரியல சார்."

"தெரியலைன்னு சொல்லவா உன்னை இங்க வச்சிருக்கேன்?"

"தெரிஞ்ச மாதிரி சொன்னா பொய் சார். அவர் சமன்பாட்டை ஏகம் மறுக்கல. கணக்குலயே எடுத்துக்கல. எடுத்துக்காத ஒண்ணைத் தப்புன்னு என்னால சொல்ல முடியாது. உள்ள இருக்கிறவங்களைக் கேப்போம். காத்திருக்கப் போறது அவங்கதான்."

முத்துப்பேச்சி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் மதிவதனியின் கையைப் பிடித்தாள்.

"எம்புருசன் பேசுறாரு மேடம். உசுரோட பேசுறாரு. நீங்களே கேட்டீகள்ல? செத்தவுகளுக்காக மெசினைத் தூக்கிட்டுப் போறீகளா?"

"செத்துட்டாங்களான்னு தெரியாதும்மா."

"உங்க டிவிதானே சொல்லுது? அதுலதானே போட்டிருக்கு!"

கயிற்றுக்கு அப்பால் இன்னொரு பெண் கூச்சலிட்டாள். அங்கம்மாள், வளைவுப் பக்கம் போன ஐவரில் ஒருவனின் மனைவி. "எங்க வீட்டு ஆளுன்னா செத்தவனா? ஏன்டி, உம்புருசன் மட்டும்தான் மனுசனா?" இருவரும் ஒரே தெருவில் இருப்பவர்கள். முத்துப்பேச்சி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மதிவதனி மைக்கை எடுத்தாள். மறைக்காமல் சொன்னாள். கிழக்கே ஆள் இருக்கிறார்கள் என்று ஒருவர் சொல்கிறார், இல்லையென்று மற்றதெல்லாம் சொல்கிறது, போனால் நீங்கள் காத்திருக்க வேண்டும், தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று தெரியாது. ஒலிபெருக்கியில் தண்ணீர்ச் சத்தம் வந்தது. உள்ளே அவர்கள் பேசிக்கொள்வது முணுமுணுப்பாகக் கேட்டது. ஒருவன் வேண்டாம் வேண்டாம் என்றான். இன்னொருவன் அழுதான்.

"மேடம்," என்றார் சின்னமாயன். "எங்களுக்கு காத்து இருக்கு. பம்பு மேடை உசரமா இருக்கு, ஏறிக்கிறோம். அவங்க பக்கம் போயிட்டு வாங்க."

"ஏங்க, நீங்க சும்மா இருங்க!" முத்துப்பேச்சி மைக்கின்மேல் பாய்ந்தாள். "வரச் சொல்லுங்க! இங்கேயே தோண்டச் சொல்லுங்க!"

"பேச்சி, அங்க தங்கராசு இருக்கான். நாந்தான் அவனை அந்தப் பக்கம் கேபிள் எடுக்க அனுப்பினேன்."

"எனக்குத் தங்கராசு வேணாம்!"

அதைக் கேட்ட அங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கராசு அவள் கணவன்.

"போயிட்டு வாங்க மேடம்," என்றார் சின்னமாயன் மறுபடியும். "சீக்கிரம் வந்துருங்க."

மார்த்தாண்டன் வயர்லெஸ்ஸை எடுத்து ஆணையிட்டார், ரிக் வண்டி கிழக்கே நகர்ந்தது. அன்று முழுக்க முத்துப்பேச்சி மைக்கருகே உட்கார்ந்து கணவனோடு பேசினாள், பிறகு பேசாமல் இருந்தாள், பிறகு மறுபடி பேசினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது என்றார். மேடையில் ஏறிக்கொண்டோம் என்றார். ஹபீபுல்லா துளையருகே நின்றபடியே இருந்தார். உட்காரச் சொன்னவர்களை அவர் கவனிக்கவில்லை. நடுவில் பாறை கெட்டிப்பட்டு ஒரு முறை துளைப்பல் முறிந்தது. அதை மாற்றி முடிக்கும்வரை யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை வளைவில் துளை இறங்கியது. ஒலிபெருக்கியில் எதுவும் வரவில்லை. கூப்பிட்டார்கள், பதில் இல்லை. டெல்ஃபின் தலையைக் குனிந்துகொண்டாள். கேமராவை இறக்கினார்கள். வெளிச்சத்தில் மஞ்சள் தொப்பி ஒன்று தெரிந்தது, பிறகு ஒரு கால், வரிசையாகப் படுத்திருந்த உடல்கள். காற்றுக்குழாயைத் திறந்துவிட்டார்கள். திரையைப் பார்த்தபடி எல்லோரும் நின்றார்கள். வெகுநேரம் கழித்து, ஓரத்தில் கிடந்தவனின் விரல்கள் தரையைச் சுரண்டின.

கெட்ட காற்றில் மயங்கிக் கிடந்தார்கள். தட்டக் கை எழவில்லை. ஐந்து பேரும் உயிரோடு இருந்தார்கள்.

ஹபீபுல்லா அப்போதுதான் தரையில் உட்கார்ந்தார். டெல்ஃபின் அவரிடம் போய்க் குனிந்தாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "வண்டியைத் திருப்பச் சொல்லும்மா, வண்டியைத் திருப்பச் சொல்லு," என்றார்.

திருப்பினார்கள். பம்பு அறைத் துளையை அகலமாக்கும் வேலை பாதியைத் தாண்டியபோது, சுரங்கத்துக்குள் எங்கோ அடைபட்டிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. ஒலிபெருக்கியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தண்ணீர் தொடாமல் மிஞ்சிய மேடை உச்சியில் ஐந்து பேர் நெருக்கி நிற்கலாம். ஆறாவது ஆளுக்கு இடமில்லை. சின்னமாயன் கீழே நின்று குழாயைப் பிடித்திருந்தார் என்று மேலே வந்தவர்கள் பிறகு சொன்னார்கள். நான் பிடிச்சிருக்கேன் நீங்க ஏறுங்கடா என்று சொன்னாராம். கூண்டு இறங்கியபோது ஐந்து பேர் வந்தார்கள்.

அன்று சாயங்காலம் இரண்டாவது ரிக் வண்டி மலையேறி வந்து சேர்ந்தது. வளைவில் இருந்தவர்களை அது தூக்கியது. அவர்களில் ஒருவனுக்கு இன்னும் தன் பெயர் நிலையாக நினைவில் நிற்பதில்லை. தங்கராசு மூன்றாம் நாள் மருத்துவமனையில் எழுந்து உட்கார்ந்தான்.

விசாரணை தேனியில் நடந்தது. ஓய்வுபெற்ற பெண் நீதிபதி ஒருவர் தலைமை. மார்த்தாண்டனுக்கும் மதிவதனிக்கும் தண்டனை கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்கள். கிடைக்கவில்லை. நடந்த எல்லாவற்றையும் ஏகத்துக்குக் கொடுத்து மறுபடி கணக்கிட்டிருந்தார்கள். சிக்கியவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கக்கூடும் என்பதையும் இப்போது அது ஏற்றுக்கொண்டது. ஹபீபுல்லாவின் சமன்பாட்டைக்கூட, ஒரு தனிச் சேர்க்கையாக, உள்ளே எடுத்துக்கொண்டிருந்தது. அவரிடம் கேட்கவில்லை.

நீதிபதி அறிக்கையின் கடைசி வரியைப் படித்தார். "வண்டியைக் கிழக்கே கொண்டுசென்ற முடிவு சரியானது. நிகர ஆதாயம் நான்கு உயிர்கள்."

மதிவதனி அந்த வரியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். அவள் யோசிக்க அவகாசம் கேட்டாள். மதிய உணவுக்கு இடைவேளை விட்டார்கள்.

மார்த்தாண்டன் அவளோடு நடைகூடம் வரை நடந்து வந்தார். "போட்டுருங்க மதி. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"நீங்க அதை நம்புறீங்களா சார்?"

"நான் இப்பவும் ஏகத்தைத்தான் நம்புறேன்," என்றார். "அடுத்த மலை இடியும்போது உங்க இடத்துல வேற ஒருத்தி இருப்பா. அவளுக்கு ஒரு ஹபீபுல்லா வாய்க்கணுமே? வாய்க்கலைன்னா? வாய்ச்சு, அவர் சொன்னது தப்பா இருந்தா? யோசிச்சுப் பாத்தா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது." அவர் படியிறங்கிப் போனார். அவர் சொன்னதில் தவறு எது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நடைகூடத்தின் கடைசி பெஞ்சில் முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள். மதிவதனி அவளைத் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. பக்கத்தில் போய் நின்றாள்.

"உள்ள படிச்சாகளே," என்றாள் முத்துப்பேச்சி. "நாலுன்னு. அது எப்படி வருது?"

"அஞ்சு பேர் பிழைச்சாங்க. ஒருத்தர்..."

"அஞ்சுல ஒண்ணைக் கழிச்சுட்டாக."

"ஆமாம்மா."

படிக்கட்டுப் பக்கமிருந்து அங்கம்மாள் வந்தாள். ஒரு கையில் சோற்றுப் பாத்திரம், மறு கையில் தண்ணீர் பாட்டில். மதிவதனியைக் கண்டதும் தயங்கி, பிறகு வந்து முத்துப்பேச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மலையில் நடந்ததற்குப் பிறகு இவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள் என்று மதிவதனி நினைத்திருக்கவில்லை. அங்கம்மாள் பாத்திரத்தைத் திறந்து சோற்றைப் பிசைந்தாள். முத்துப்பேச்சி வேண்டாம் என்று தலையாட்டினாள். அங்கம்மாள் கேட்காமல் அவள் கையில் ஒரு உருண்டையை வைத்தாள்.

"இவ புருசன் வந்துட்டான்," என்றாள் முத்துப்பேச்சி உருண்டையைப் பார்த்துக்கொண்டு. "அதுல எனக்குச் சந்தோசம்தான். நெசமாத்தான் சொல்றேன். எம்புருசன் வரல. அதுக்கு நான் உங்களை மன்னிக்கல மேடம், மன்னிப்பேனான்னும் தெரியல. ரெண்டும் எனக்குள்ள தனித்தனியாத்தான் கெடக்கு. நீங்க ரெண்டையும் கூட்டிக் கழிச்சு ஒண்ணா ஆக்கிராதீக."

உள்ளே மணி அடித்தது. பேனாவோடு ஒரு அலுவலர் வாசலில் வந்து நின்று மதிவதனியின் பெயரைக் கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு பெஞ்சின் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அலுவலர் இன்னொரு முறை கூப்பிட்டார். அங்கம்மாள் அவளுக்கும் ஒரு உருண்டை பிசைய ஆரம்பித்தாள்.